காணிக்காரிக்கு ஒரு சீற்

நானும் மனைவியும் ஏறி இருக்கிற என் மோட்டார் சைக்கிளின் சீற்றைப் பற்றிப் பேசாத வாய் எங்கள் ஊரில் இல்லை. தேத்தண்ணிக் கடையில் பேசினார்கள், கோயில் வீதியில் பேசினார்கள், றோட்டில் நெல் காயப்போட்டுவிட்டுக் காவல் நின்றவர்களும் பேசினார்கள். அப்போது நான் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எனக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளை மகள் பார்த்துத் திருத்தினாள். சொன்ன விடயத்தில் கை வைக்க நான் விடவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்தில், என் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் ஆண்பிள்ளை உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் வாவியில் வலை வீசுகிறவர்களின் வீட்டில் பிறந்து, மேசன் வேலை பழகி, அப்படி வந்து சேர்ந்தவன். வீடு அவளுடையது. வளவும் கிணறும் அவளுடையவை. உள்ளே வட்டை என்கிற வயல்வெளியில் பல பேருடைய வயல்களுக்கு நடுவே கிடக்கும் மூன்று ஏக்கர் காணியும் அவளுடைய தாய் அவளுக்கு எழுதிக் கொடுத்தது. என்னுடையது என்று இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அதையும் நான் தெரிவுசெய்து வாங்கவில்லை. மனைவியின் அண்ணன் கடைக்கு வந்து தெரிவுசெய்தார். கறுப்பு எடுங்கள், அழுக்குத் தெரியாது என்றார். நான் தலையாட்டினேன்.

நெல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது சோறு மட்டும்தான். அவளுக்கு எல்லாம் தெரியும். தண்ணீர் எந்த அளவில் நிற்க வேண்டும், இந்த மஞ்சள் உரத்துக்கான மஞ்சளா நோய்க்கான மஞ்சளா, எல்லாவற்றையும் வரம்பில் நின்று பார்த்தே சொல்லுவாள். வயலைக் காத்து வேலை செய்கிற முல்லைக்காரன் ஒருவர் இருக்கிறார். அவரும் அவள் வந்து பார்த்தால்தான் அடுத்த வேலையைத் தொடங்குவார். அதனால் கிழமைக்கு ஒரு தடவையாவது அவளை ஏற்றிக்கொண்டு போவேன். தார் றோட்டில் பாதி, கிரவல் றோட்டில் கொஞ்சம், கடைசியில் வாய்க்கால் கட்டு. அந்தக் கட்டில் மோட்டார் சைக்கிள் போகும். ஓட்டோ ஏறாது.

சீற்றின் நிலைமையையும் சொல்ல வேண்டும். உள்ளே ஸ்பொஞ்ச் செத்துப் பல வருசம். மேலே வெடித்த இடத்தில் நான் ஒரு துவாயை மடித்துப் போட்டு, அதற்குமேல் கடைப்பையை இழுத்துக் கட்டியிருந்தேன். முன்பக்கம் சரிவு. பிரேக் பிடித்தால் பெற்றோல் தாங்கியில் போய் இடிப்பேன். பின்பக்கம் ஒடுக்கமாக, பலகை போல இருக்கும். அந்தப் பலகையில் அவள் சாறியோடு ஒரு பக்கமாக இருந்து, ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டு வருசம் வந்தாள்.

ஒரு நாள் காலையில் அரிசி களையக் குனிந்தவள் நிமிரவில்லை.

டவுனில் காட்டினோம். முள்ளந்தண்டில் ஒரு வட்டு விலகியிருக்கிறதாம். டொக்டர் அவளிடம் எதில் பயணம் செய்கிறீர்கள் என்று கேட்டார். மோட்டார் சைக்கிளில் என்றாள். எந்தப் பக்கம் திரும்பி இருப்பீர்கள் என்றார். இடது பக்கம் என்றாள். எத்தனை வருசமாக என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்றாள். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

"இனி முறுகி இருக்கக் கூடாது. நல்ல மெத்தையான சீற்றில, ரெண்டு பக்கமும் கால் போட்டு நேரா இருந்தாப் பரவாயில்ல. அது ஏலாதெண்டா மோட்டார் சைக்கிள மறந்திடுங்க," என்றார்.

அவர் சொன்னது இரண்டு விடயம். வீட்டுக்கு ஓட்டோவில் திரும்பி வந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டிருந்தது இரண்டாவது மட்டும்தான்.

இரண்டு மாதம் அவள் வட்டைக்குப் போகவில்லை. சிறுபோக வெட்டு முடிந்து, பெரும்போகத்துக்கு உழுகிற காலம் நெருங்கியது. அப்போதுதான் அண்ணன் வந்தார். அவர் அரசாங்க உத்தியோகம். புளியந்தீவில், தன் மனைவியின் வீட்டில் இருக்கிறார். நல்ல மனிதர்தான். எங்களுக்கு எது நல்லது என்று எங்களுக்கு முன்னமே அவருக்குத் தெரிந்துவிடும். அது ஒன்றுதான் அவரில் உள்ள குறை.

"தங்கச்சி, நீ இனி வட்டைக்குப் போக ஏலா," என்றார். "மச்சானுக்கு நெல்லும் தெரியாது கோரையும் தெரியாது. முல்லைக்காரன நம்பி விட்டா அவன் அவன்ட பாட்டில இரிப்பான். நம்மட காணிய நல்ல ஆள் ஒண்டுக்குக் குத்தகைக்குக் குடுப்பம். ஆள் பாத்து வெச்சிரிக்கன். வாற கிழமை விட்டு மற்றக் கிழமை, வெள்ளிக்கிழமை, காணி பாக்கக் கூட்டி வாறன்."

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணன்."

"இதில யோசிக்க என்ன இரிக்கு? என்ன மச்சான்?"

நான் சிரித்தேன். எதற்கும் அந்தச் சிரிப்புத்தான் என் பதில். அவர் எப்போதும் அதை 'ஓம்' என்று எடுத்துக்கொள்வார். அன்றைக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய், விதைநெல் மூட்டையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"'நம்மட காணி' எண்டார். கேட்டீங்களா?" என்றாள்.

கேட்டேன். அவளுடைய சின்னம்மாவின் காணியும் இப்படித்தான் ஒரு போகத்துக்கு என்று குத்தகைக்குப் போனது. இப்போது சின்னம்மா தன் வயலில் பொன்னாங்கண்ணி ஆய்வதற்கும் இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. என் மனைவிக்கு வட்டைதான் உத்தியோகம். அது போனால் அவளிடம் வீடும் நோவும் மட்டும் மிஞ்சும். வெள்ளிக்கிழமைக்கு முன் அவள் தன் காலில் அல்லது என் சைக்கிளில் அந்த வரம்புக்குப் போய்ச் சேர வேண்டும். காலில் போக முடியாது.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போகாமல் காத்தான்குடிக்குப் போனேன். அங்கே சீற் தைக்கிற ஒருவரைத் தெரியும். அவருடைய கடை மதிலை நான்தான் கட்டினேன். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால், அங்கே அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, காக்கா என்று கூப்பிடுவேன். கடை வாசலில் பொடியன்மார் மூன்று பேர் கைபேசியில் படங்களைக் காட்டி, இப்படி வேண்டும் அப்படி வேண்டும் என்று நின்றார்கள். அவர்கள் போகும்வரை நான் எதிரே வேப்பமரத்தடியில் நின்றேன். ஒரு கடைக்குள் நுழைய இவ்வளவு வெட்கமா என்று இப்போது நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது.

"என்ன தம்பி, மதில் வெடிச்சிட்டா?" என்றார் காக்கா.

"இல்ல காக்கா. சீற் ஒண்டு தைக்கணும்."

"மகனுக்கா?"

"மகன் இல்ல, மகள்தான். இது எனக்கு. வீட்டில ஆளுக்கும்."

அவர் எழுந்து வந்து என் கடைப்பையை அவிழ்த்து, துவாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெருவிரலால் சீற்றை அமத்தினார். விரல் உடனே அடித்தகட்டில் முட்டியது.

"இதில இருந்தா நோகாம என்ன செய்யும்? இது சீற்றா தம்பி, இடியப்பம் பிழியிற பலகை."

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போதும் இரண்டாவதையும், முதலாவதில் மெத்தையான சீற் என்பதையும் மட்டும்தான் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். மெத்தையான சீற் என்றால் மெதுவான ஸ்பொஞ்சை அள்ளிப் போடுவது இல்லை என்று விளங்கப்படுத்தினார். மெதுவானது பத்து நிமிசத்துக்குச் சொர்க்கம், பிறகு அமுங்கித் தகட்டில் கொண்டுபோய் இருத்திவிடும். கீழே கடினமான ஸ்பொஞ்ச் வேண்டும். துண்டு துண்டான பல நிற ஸ்பொஞ்சை அமுக்கி ஒட்டிச் செய்தது அது. அதற்குமேல் இரண்டு விரல் கனத்துக்கு மெதுவானது. எலும்பு முட்டுகிற இடத்தில் மட்டும் கீழே குடைந்து எடுக்க வேண்டும். எங்கே முட்டுகிறது என்று தெரிய, இருக்கப்போகிற ஆளின் அச்சு வேண்டும்.

அச்சு எடுக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு தகரத் தட்டு நிறையக் குழைத்த களிமண். மேலே பொலித்தீன்.

"முதல்ல நீங்க இரிங்க," என்றார்.

கடை வாசலில், றோட்டைப் பார்த்தபடி, வாங்குப் பலகையில் வைத்த களிமண் தட்டில் நான் இருந்தேன். ஐந்து நிமிசம் அசையக் கூடாதாம். சாமான் வாங்க வந்த ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன காக்கா, ஆள் அடை கிடக்கார் போல? எத்தின முட்டை வெச்சிரிக்கு?"

"இருவத்தொரு நாள் கழிச்சு வாங்க, குஞ்சு தாறன்!" என்றார் காக்கா.

வேறு நாளாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். எழுந்தால் அச்சுக் கெட்டுவிடும். இருந்தேன்.

இன்னொரு தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி பார்த்துவிட்டு, இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். வாங்கில் தட்டை வைத்து, "சைக்கிள்ல இரிக்கிற மாதிரி இரி," என்று சொன்னேன். அவள் சாறியை ஒதுக்கிக்கொண்டு இருந்தாள். நான் தட்டு ஆடாமல் பிடித்தேன். மகள் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

அடுத்த நாள் அந்தத் தட்டைப் பின்னால் வைத்துக் கட்டி, துணியால் மூடிக்கொண்டு புறப்பட்டேன். வலையிறவுப் பாலத்தடியில் என்னோடு வேலை செய்கிற மேசன் ஒருவன் மறித்தான். "என்ன மச்சான், ஆருக்குப் பலகாரம் கொண்டு போறாய்?" என்று துணியைத் தூக்கினான். பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி தட்டைப் பார்த்தான். நான் துணியை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டேன். அன்று பின்னேரத்துக்குள் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது.

காக்கா பொலித்தீனுக்கு மேலாலே விரலை ஓட்டிப் பார்த்தார். திரும்ப ஓட்டினார். பிறகு வாங்கில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, தங்கச்சி ஒரு பக்கமா இருந்திரிக்கா!"

பார்த்தேன். இரண்டு தொடையின் பள்ளமும் தட்டின் ஒரே ஓரத்தைப் பார்த்துக் கிடந்தன. இடது பக்கம் ஆழம், வலது பக்கம் மேடு. சைக்கிளில் இருக்கிற மாதிரி இரி என்றேன். அவள் இருபத்திரண்டு வருசம் இருந்த மாதிரியே இருந்தாள். தட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்ற எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் அவள் வயதுப் பெண் வேறு எப்படியும் இருந்து நான் பார்த்ததில்லை.

"இந்த அச்சுக்குச் சீற் தைச்சன் எண்டா, மிச்சம் இருக்கிற முள்ளும் போயிரும். டொக்டர் என்ன சொன்னார் எண்டு சரியாச் சொல்லுங்க பாப்பம்," என்றார்.

அப்போதுதான் முதலாவது விடயத்தை, இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்கச் சொன்னதை, முழுதாகச் சொன்னேன்.

"அத முதல்ல வீட்டில போய்ப் பேசுங்க. அது என்ட வேலை இல்ல."

வீட்டுக்கு வந்து, அவள் அடுப்படியில் கதிரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் கால் போட்டு இரிக்கணும்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்த வயசிலயா? மகளாக்கள் இரிக்கிற மாதிரியா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

என் வாயில் இருந்துதான் வந்தது. வீட்டுக்குள் வேறு யாரோ பேசியது போல அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கென்ன, என்னப் பாத்துத்தானே சிரிப்பாங்க?"

"என்னயும் பாத்துத்தான். நான்தானே முன்னுக்கு இரிக்கன்."

அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"டொக்டர் அண்டைக்கே சொன்னவர்தானே," என்றாள்.

"ஓம்."

"நீங்களும் கேட்டீங்க."

"ஓம்."

"நானும் கேட்டன்," என்றாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "உன்ட சுரிதார்க் காற்சட்டையில பெரிசா ஒண்டு எடுத்து வாகா," என்றாள்.

மகளுடைய காற்சட்டைக்கு மேலே முழங்காலுக்குக் கீழ் வரும் நீளச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாங்கின் குறுக்கே கால் போட்டு, அவள் இரண்டாவது அச்சில் இருந்தாள். ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிசம் முடிந்தது என்று மகள் சொன்ன பிறகும் எழவில்லை. "இப்பிடி இருந்தா இழுக்குதில்லகா," என்றாள்.

அந்த அச்சைப் பார்த்துக் காக்கா ஒன்றும் பகிடி விடவில்லை. பென்சிலால் இரண்டு வட்டம் போட்டார். பிறகு எதால் மூடுவது என்ற பேச்சு வந்தது. ரெக்சின் சுருள்கள் சுவரில் சாத்தியிருந்தன.

"கறுப்புத்தானே? வயலுக்குப் போற சைக்கிள்."

"இல்ல," என்றேன். வந்த முதல் நாளே நான் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். பால் ஊற்றிய தேத்தண்ணியின் நிறம். "அது."

"இதிலயா? சேறு பட்டா அப்பிடியே தெரியுமே தம்பி."

"தெரியட்டும். கழுவுவன்."

"சரி. தையல்?"

பொடியன்மாருடைய சீற்றில் இருக்கிற மாதிரி, கட்டம் கட்டமாகச் சரித்துப் போட்ட வெள்ளை நூல் தையலைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கட்டத்தையல் முழுக்கப் போட்டால் ஊசி ஓட்டைகளால் மழைத்தண்ணீர் இறங்கி ஸ்பொஞ்ச் நாறும் என்றார். நான் விடவில்லை. கடைசியில் இருக்கிற இடம் வெறுமையாகவும் இரண்டு பக்கத்திலும் கட்டத்தையலும் என்று முடிவானது. முன்பக்கத்தை ஒடுக்கமாக வெட்டச் சொன்னேன். நான் கட்டை ஆள். ஸ்பொஞ்ச் உயர்ந்தால் கால் நிலத்தில் எட்டாது. பின்பக்கத்தை அகலமாக்கி, சரிவை எடுத்து, அவள் முதுகு சாயக் கம்பியில் ஒரு சின்னச் சாய்வும் வைக்கச் சொன்னேன். இவ்வளவையும் நான் கேட்டேன். ஒன்றுக்கும் சிரித்துத் தப்பவில்லை.

நோவுக்குச் சீற் என்றால் சரி, அழகு எதற்கு என்று பிறகு பலரும் கேட்டார்கள். வயலுக்குப் போகிற நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கும் ஐம்பது வயது மேசனுக்கும் கட்டத்தையல் எதற்கு என்று கேட்டார்கள். என் பதில் இதுதான். அவள் இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்கப் போகிறாள். எப்படியும் பார்க்கப் போகிறீர்கள். பார்க்கிறதை வடிவாகப் பாருங்கள். அழுக்குத் தெரியாத நிறம், கிழியாத துணி, யாரும் திரும்பிப் பார்க்காத சாமான் என்று பார்த்துப் பார்த்தே எங்களைப் போன்றவர்களின் காலம் போகிறது. ஊரில் மற்றவர்களுக்குச் சுவர் கட்டுகிறபோது அது வடிவாக இருக்க வேண்டும் என்று நூல் பிடித்து, மட்டம் பார்த்து, இரண்டு தடவை பூசுகிறேன். நான் இருக்கிற இடம் மட்டும் ஏன் கடைப்பையால் கட்டியிருக்க வேண்டும்?

மூன்றாம் நாள் காக்கா சீற்றைச் சைக்கிளில் பொருத்திப் பூட்டினார். காத்தான்குடியில் இருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டும்வரை நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. தாண்டிய பிறகுதான் தொடை மரக்கவில்லை என்று தெரிந்தது. பல வருசமாகப் பாலத்தடியில் மரக்கும். வயது போகிறது என்று நினைத்திருந்தேன். வயது இல்லை, சீற்.

ஊருக்குள் வந்தபோது தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றார்கள்.

"அடேய், பெரிய காணிக்காரப் போடியார் வாறார்! கதிர வெச்ச சைக்கிள்!"

"களிமண்ணில செஞ்சதோ மச்சான்? மழைக்குக் கரைஞ்சிராதே!"

களிமண் கதையைப் பரப்பிய மேசன்தான் அப்படிக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சைக்கிளைக் கடை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே போய், ஒரு தேத்தண்ணி சொல்லி, முழுவதையும் இருந்து குடித்துவிட்டு வந்தேன். அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் நிறுத்தினேன். தேத்தண்ணி கொஞ்சம் சிந்தியது உண்மை.

மனைவி வாசலுக்கு வந்து சீற்றைத் தடவினாள். "என்ன நிறம் இது?"

"தேத்தண்ணி."

"பால் கூடிப் போச்சு," என்றாள். ஆனால் தையல் போட்ட பக்கத்தில் இருந்து கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. முந்திய இரவு மழை பெய்து, காலையில் வெயில் எறித்தது. அவள் நீளச் சட்டையும் காற்சட்டையும் போட்டு, தலையைப் பின்னி முடித்து, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். கதிரையில் கால் வைத்துத்தான் ஏறினாள். ஏறும்போது என் தோளை இறுக்கிப் பிடித்ததில் அவளுக்கு எவ்வளவு நோகிறது என்று தெரிந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த வளவுக்காரி வேலிக்கு மேலாலே எட்டிப் பார்த்தாள். "என்னகா புள்ள, குதிர ஏறிப் போறாய்?"

"ஓம்கா. சொகமா இரிக்கு. இறங்கவே மனமில்ல."

தார் றோட்டில் மெதுவாகத்தான் போனேன். கிரவல் றோட்டில் குழிக்குக் குழி விலத்தினேன். அவள் இரண்டு கையையும் என் இடுப்பில் வைத்திருந்தாள். இத்தனை வருசமும் ஒரு கை கம்பியைத்தான் பிடித்திருந்தது. றோட்டோரம் நின்றவர்கள் பார்த்தார்கள். எனக்குக் கழுத்தெல்லாம் சுட்டது. அதற்காகக் கெதியாகப் போய் மறையவில்லை.

வாய்க்கால் கட்டில் ஏறியபோதே ஆட்கள் தெரிந்தார்கள். அண்ணன், அவர் கூட்டி வந்த குத்தகைக்காரர், முல்லைக்காரன். மூன்று பேரும் எங்கள் காணிக்கு நேரே கட்டில் நின்றார்கள். அண்ணன் கந்தோர் வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். அழுத்திய காற்சட்டை, சப்பாத்து. அவர் முதலில் சீற்றைப் பார்த்தார். பிறகு தங்கச்சியின் கால் இரண்டு பக்கமும் தொங்குவதைப் பார்த்தார்.

"என்ன கோலம் இது தங்கச்சி?"

"டொக்டர் சொன்ன கோலம் அண்ணன்."

"நோவோட ஏன் வந்த? நான்தான் காட்டுறன் எண்டு சொன்னேனே. இந்தா, இவர்தான் ஆள். எல்லையெல்லாம் காட்டிப் போட்டன். நம்மட காணி எண்டா அவருக்கும் நம்பிக்கை."

அவள் சீற்றில் இருந்தபடியே, வயலைப் பார்த்துக்கொண்டு, சத்தம் போடாமல் சொன்னாள்.

"அண்ணன், உங்கட வீட்டில மச்சிட காணிய நீங்க பாக்கிறீங்க. அத நான் ஒரு நாளும் 'நம்மட காணி' எண்டு சொன்னதில்ல. இது என்ட காணி. நான் குத்தகைக்குக் குடுக்கல்ல. இந்தப் போகம் நான்தான் விதைக்கன்."

முல்லைக்காரன் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டார். அண்ணன் குத்தகைக்காரரிடம், "நோவில பேசுறா," என்றார்.

குத்தகைக்காரர் கெட்ட மனிதர் இல்லை. வழக்கம் எப்படியோ அப்படி நடந்தார். பெண் பேசியதைக் கேட்டுவிட்டு ஆண்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. குடுக்கிறதா இல்லையா? உங்கட வாயால ஒரு வார்த்தை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமான சிரிப்பு உதட்டுக்கு வந்தது. அதை விழுங்கினேன்.

"என்னட்ட என்ன கேக்கிறீங்க? காணிக்காரி பின்னுக்கு இரிக்கா. அவ சொன்னது கேக்கல்லயா?"

பெரிதாகத்தான் சொல்லிவிட்டேன் போல. பக்கத்து வயலில் கொக்குகள் எழும்பின.

"ஓ," என்றார் அண்ணன். "சீற் மாத்தினதோட புது வாயும் பூட்டியாச்சோ மச்சானுக்கு?"

"ஓம் மச்சான்," என்றேன்.

குத்தகைக்காரர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "காணிக்காரி குடுக்கல்ல எண்டா மறுகா என்ன," என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டின் மறுபக்கத்தால் தன் சைக்கிள் நின்ற இடத்துக்கு நடந்தார். முல்லைக்காரன் எங்களுக்குக் கிட்ட வந்து, மேல் வரம்பு நேற்று மழைக்கு உடைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகிறது என்று அவளிடம் சொன்னார். அண்ணனிடம் இதை அவர் சொல்லியிருக்கவில்லை.

"இப்பவே போய்ப் பாப்பம்," என்றாள்.

அண்ணன் கட்டின் நடுவில் நின்றார். இரண்டு பக்கமும் உழுது நீர் விட்ட சேறு. "அங்கால சைக்கிள் போகாது. இறங்கி நடந்து போ," என்றார்.

"இறங்கினா மறுகா ஏற நோகும். நீங்க கொஞ்சம் விலகுங்க அண்ணன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். வழமை போல நான் சைக்கிளை நிறுத்தி, ஓரமாக்கி, அவருக்கு வழி விடுவேன் என்று நின்றார். நான் முதலாம் கியரைப் போட்டேன். இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, அவள் ஆடாமல், ஓரடி ஓரடியாக முன்னுக்குப் போனேன். முன்சக்கரம் அவருடைய சப்பாத்துக்கு ஒரு முழம் இருக்கும்போதும் நான் பிரேக்கில் கை வைக்கவில்லை.

அவர் முதலில் ஒரு காலைச் சேற்றுக்குள் வைத்தார். பிறகு மற்றக் காலையும் வைத்தார்.